வீட்டுக்குள் வளரும் மரக்கன்றுகள்

வீட்டுக்குள் இலைச்செடி வளர்ப்பது வசதி படைத்தவர்களின் பொழுதுபோக்கு என்றே நம்மில் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறோம். பெரிய வரவேற்பறை, கண்ணாடி யன்னல், விலையுயர்ந்த பூச்சாடி எல்லாம் இருந்தால்தான் அது சரிவரும் என்பது பொதுவான கருத்து. ஆனால் புத்தளம் மாவட்டத்தின் கரையோரக் கிராமங்களில் வீடு வீடாகச் சென்று வரும் சமூகப் பணியாளராகிய எனக்கு இந்தக் கருத்துடன் உடன்பட முடியவில்லை. கற்பிட்டி, நுரைச்சோலை, பாலாவி, தில்லையடி, முந்தல், உடப்பு என்று நான் செல்லும் இடங்களில், இரண்டே அறைகள் கொண்ட வீடுகளில் கூட, பால்மா டின்னிலோ உடைந்த வாளியிலோ ஏதோ ஒரு பச்சை இருக்கிறது. சற்று உற்றுப் பார்த்தால் அவற்றில் பல செடிகளே அல்ல, மரக்கன்றுகள். பலாக் கன்று, மாங்கன்று, வேப்பங்கன்று, பட்டர் புரூட் விதையில் முளைத்த கன்று என்று பலவகை.

"ஏன் ராத்தா, இதை வெளியில் நடவில்லையா?" என்று கேட்டால் வரும் பதில்கள் ஏறக்குறைய ஒரே மாதிரியானவை. வெளியில் வைத்தால் ஆடு தின்றுவிடும். ஆடு விட்டாலும் கழுதை விடாது. வளவு நம்முடையதில்லை. வளவு நம்முடையதுதான், ஆனால் அதில் இடமில்லை. இன்னும் ஒரு பதிலும் உண்டு. அதனைப் பெண்கள் உடனே சொல்வதில்லை, பழகிய பிறகுதான் சொல்வார்கள். அதைப் பின்னர் சொல்கிறேன்.

கடையில் விற்பதும் மரமே

நகரத்துக் கடைகளில் அதிக விலை கொடுத்து வாங்கப்படும் அலங்கார இலைச்செடிகளில் பல, உண்மையில் பெருமரங்களின் குழந்தைகள் என்பது பலருக்கும் தெரியாது. தடித்த, மினுமினுப்பான இலைகளைக் கொண்ட அலங்கார இறப்பர் செடி நமது ஆலமரத்தின் உறவு. (இது பால் வெட்டும் இறப்பர் மரமல்ல, அது வேறு இனம்.) சிறிய இலைகள் தொங்கும் 'பைகஸ் பெஞ்சமினா'வும் அதே குடும்பம்தான். நத்தார் காலத்தில் சிலாபம், கற்பிட்டிப் பக்கக் கத்தோலிக்க வீடுகளில் சோடிக்கப்படும் அடுக்கடுக்கான ஊசியிலைச் செடி, பசிபிக் சமுத்திரத்தில் உள்ள நோர்போக் தீவின் மரம். அங்கே அது 50 மீற்றருக்கும் மேலாக உயர்ந்து வளர்கிறது.

பேராதனைப் பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படித்த காலத்தில், 1821 இல் தொடங்கப்பட்ட அங்குள்ள தாவரவியல் பூங்காவுக்கு நாங்கள் அடிக்கடி போவதுண்டு. பெரிய புல்வெளியில் ஒரு குடைபோல விரிந்து நிற்கும் பைகஸ் பெஞ்சமினா மரத்தைப் பார்த்தவர்களுக்கு, அதே மரம்தான் வங்கிகளின் மூலையில் ஒரு சாடிக்குள் அடங்கி நிற்கிறது என்றால் நம்புவதற்குக் கடினமாக இருக்கும்.

எப்படி இது சாத்தியமாகிறது? இதற்கான விளக்கம் காட்டில் இருக்கிறது. அடர்ந்த மழைக்காட்டில் மேலே விழும் வெளிச்சத்தில் நூற்றுக்கு ஒன்றிரண்டு பங்குதான் நிலத்தை வந்தடைகிறது. அங்கே விழுந்து முளைக்கும் கன்று, தலைக்கு மேலே ஒரு பெரிய மரம் விழுந்து வெளிச்சம் திறக்கும் வரை காத்திருக்க வேண்டும். சில இனங்கள் இவ்வாறு பல வருடங்கள், முழங்கால் உயரத்திலேயே, உயிரைப் பிடித்துக்கொண்டு நிற்கின்றன. குறைந்த வெளிச்சத்தில் மெதுவாக வாழும் இந்தப் பழக்கமே அவற்றை நமது அறைக்குள் வாழ வைக்கிறது. ஆகவே சாடியில் நிற்கும் கன்றை வளர்ந்து முடிந்த செடியாகக் கருதக்கூடாது. அது தன் முறை வரும்வரை காத்திருக்கும் ஒரு மரம்.

பிள்ளைப் பருவத்து இலை

மரக்கன்றுகளை வளர்ப்பதில் எனக்கு மிகவும் பிடித்த விடயம் ஒன்றுண்டு. பல மரங்களின் பிள்ளைப் பருவத்து இலை, வளர்ந்த மரத்தின் இலையைப் போல இருப்பதில்லை. பலாமரத்தின் இலை ஓரம் வெட்டில்லாத முழு இலை என்பது நமக்குத் தெரியும். ஆனால் பலாக் கன்றிலோ விரல் விரித்ததுபோல் ஆழமாகப் பிளந்த இலைகள் வருவதுண்டு. தென்னங்கன்றின் முதல் இலைகள் கீற்றாகப் பிரிவதில்லை. ஒரே தகடாக, நுனியில் மட்டும் பிளந்து நிற்கும். மன்னாரிலும் நெடுந்தீவிலும் உள்ள பெருக்க மரத்துக்கு ஒரு காம்பில் ஐந்து, ஆறு சிற்றிலைகள் உண்டு. அதன் கன்றோ முதலில் தனித்தனி இலைகளையே விடும். இந்த அழகை நிலத்தில் நின்று அண்ணாந்து பார்ப்பவர்கள் காண முடியாது. வீட்டுக்குள் வளர்ப்பவர்களே காண்கிறார்கள்.

நமக்கு எளிதில் கிடைக்கக்கூடியவற்றுள் வீட்டுக்குள் வளர்க்கத் தக்க சிலவற்றைச் சொல்கிறேன்.

பலா: விதை காய்ந்தால் முளைக்காது. பழம் வெட்டிய ஓரிரு நாட்களுக்குள் ஊன்ற வேண்டும். ஆணிவேரைக் குழப்பினால் வாடிவிடும் என்பதால் ஆழமான சாடியிலேயே நேராக ஊன்றுவது நல்லது.

பட்டர் புரூட்: விதையின் அகன்ற பக்கம் கீழே இருக்கும்படி பாதியளவு மண்ணில் புதைக்கவும். ஒரு மாதமோ அதற்கு மேலோ பொறுத்திருக்க வேண்டும். ஒரு சாண் உயரம் வந்ததும் நுனியைக் கிள்ளிவிட்டால் கிளைத்து வளரும். விதையைத் தண்ணீர்க் கோப்பையில் வைத்து முளைக்கச் செய்யும் முறையும் உண்டு. ஆனால் நுளம்பை நினைத்து நான் அதனைச் சொல்லிக்கொடுப்பதில்லை.

கோப்பி: இயல்பாகவே நிழலில் வளரும் சிறு மரம். கரும்பச்சை நிறத்தில் பளபளக்கும் இதன் இலையை வீட்டுக்குள் அதிக சிரமமின்றிக் காப்பாற்றலாம். பழத்திலிருந்து புதிதாக எடுத்த விதை வேண்டும். கடையில் வறுத்து விற்பது முளைக்காது.

மா: துளிர்க்கும்போது செம்பு நிறத்தில் இலை விடும். யன்னலோரம் வேண்டும்.

தென்னை: இது நமது மாவட்டத்தின் மரம். புத்தளம், குருநாகல், கம்பஹா மாவட்டங்களைச் சேர்த்துத் தென்னை முக்கோணம் என்பார்கள். 1929 இல் தொடங்கிய தென்னை ஆராய்ச்சிப் பணி இன்றும் நமது மாவட்டத்து லுணுவிலையில் நடந்துவருகிறது. ஐரோப்பாவில் காயோடு சேர்ந்த தென்னங்கன்றைச் சாடியில் வைத்து அலங்காரச் செடியாக விற்கிறார்கள் என்று சொன்னபோது எங்கள் பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஆரம்ப மாதங்களில் கன்று காய்க்குள் இருக்கும் உணவிலேயே வாழ்வதால் அறைக்குள் செழிப்பாகவே தெரியும். அந்த உணவு தீர்ந்து, வெயிலும் கிடைக்காவிட்டால் மெல்ல மெல்லச் சோர்ந்துவிடும். எனவே தென்னை வீட்டுக்குள் சில மாதத்து விருந்தாளி மட்டுமே.

வேம்பும் புளியும் வெயில் கேட்பவை. விறாந்தை வரை அவற்றை அனுமதிக்கலாம், உள்ளறைக்குச் சரிவராது. அலரி வகைகளைக் குழந்தைகள் உள்ள வீட்டில் வைக்கவே வேண்டாம். அவற்றில் கொடிய நஞ்சு உண்டு. அலங்கார இறப்பர் செடியின் பால் பட்டால் சிலருக்குத் தோல் அரிக்கும். நுனி வெட்டியதும் கையைக் கழுவிக்கொள்ளுங்கள்.

எமது மண்ணுக்கும் தண்ணீருக்கும் ஏற்ற முறை

புத்தகங்களில் உள்ள முறைகள் பெரும்பாலும் குளிர் நாட்டாருக்கு எழுதப்பட்டவை. நமது கரையோரத்தில் நிலைமை வேறு. இங்கே மணல் இருக்கிறது, உப்பு இருக்கிறது, தகரக் கூரையின் சூடு இருக்கிறது.

சாடிக்கென்று காசு செலவழிக்கத் தேவையில்லை. தயிர்ச் சட்டியின் அடியில் ஆணியால் மெதுவாகத் தட்டித் துளையிட்டால் அருமையான சாடி. பெயின்ற் வாளி, எண்ணெய்க் கான் எதுவானாலும் அடியில் துளை கட்டாயம் வேண்டும். கடற்கரை மணலை அள்ளி வரவேண்டாம், அதில் உப்பு. ஆற்று மணல் அல்லது வளவு மணல் ஒரு பங்கு, கூட்டெரு ஒரு பங்கு, தும்புத்தூள் ஒரு பங்கு என்று கலந்தால் போதும். நமது தும்பு ஆலைகளின் ஓரத்தில் ஒரு காலத்தில் வீணாகக் குவிந்து கிடந்த தும்புத்தூள், இன்று கட்டிகளாக அழுத்தப்பட்டு வெளிநாட்டுத் தோட்டங்களுக்குக் கப்பலேறுகிறது. அது தன் எடையைப் போலப் பல மடங்கு தண்ணீரைப் பிடித்து வைக்கும். ஆனால் அதிலும் உப்பு இருக்கும் என்பதால் இரண்டு மூன்று தடவை நல்ல தண்ணீரில் ஊறவைத்துப் பிழிந்த பிறகே பயன்படுத்த வேண்டும்.

கற்பிட்டிக் குடாநாட்டில் பல கிணறுகளின் தண்ணீர் உவர். அதையே தொடர்ந்து ஊற்றினால் இலை நுனி கருகும். நோய் என்று நினைத்து மருந்து தேடுவார்கள். உண்மையில் அது உப்பின் வேலை. மழைத் தண்ணீரைச் சேர்த்து வைத்து ஊற்றலாம். அல்லது மாதமொருமுறை மழையில் சாடியை வைத்து நன்றாகக் கழுவ விடலாம். தினமும் தண்ணீர் ஊற்றுவது அன்பல்ல. விரலை ஒரு அங்குலம் மண்ணுக்குள் விட்டுப் பார்த்து, காய்ந்திருந்தால் மட்டும் ஊற்றுங்கள். வீட்டுக்குள் கன்றுகள் சாவது பெரும்பாலும் தாகத்தால் அல்ல, வேர் அழுகித்தான்.

தகரக் கூரைக்குக் கீழே, நண்பகலில், சுவரோடு ஒட்டி வைக்கக்கூடாது. நேர் வெயில் படாத, ஆனால் பகலில் விளக்கில்லாமல் ஒரு கடிதம் வாசிக்கக்கூடிய வெளிச்சமுள்ள யன்னலோரம் ஏற்றது. வாரமொருமுறை சாடியைக் கால்வாசி திருப்பி வைத்தால் கன்று ஒரு பக்கம் சாயாது. இலையில் படியும் தூசியை ஈரத்துணியால் துடைத்துவிடுங்கள். கூட்டெருவைத் தவிர வேறு பசளை அதிகம் தேவையில்லை. வெளிச்சம் குறைந்த இடத்தில் பசளையைக் கூட்டினால் கன்று மெலிந்து நீளும்.

சகோதரிகளே, ஒன்றை மட்டும் மறந்துவிடாதீர்கள். சாடியின் அடியில் வைக்கும் தட்டில் தண்ணீர் தேங்க விடக்கூடாது. டெங்கு நுளம்பு முட்டையிலிருந்து பறக்கும் நிலைக்கு வர ஏறக்குறைய ஒரு வாரம் போதும். 2007 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்கச் சட்டத்தின்படி நுளம்பு பெருக இடம் வைத்திருப்பது குற்றம். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்தால் வழக்கு வரை போகலாம். தட்டில் தண்ணீருக்குப் பதிலாக மணல் நிரப்பிவிட்டால் பிரச்சினை இல்லை.

இரவில் செடி நச்சுக் காற்றை விடும், அறையில் வைத்துத் தூங்கக்கூடாது என்று சொல்லும் மாமிமார் இருக்கிறார்கள். செடியும் சுவாசிக்கிறது என்பது உண்மையே. ஆனால் அது விடும் அளவு, பக்கத்தில் தூங்கும் ஒரு பிள்ளை விடுவதைவிட மிகக் குறைவு. இதற்கு மறுபக்கமாக, ஒரு செடி வீட்டுக் காற்றையே சுத்தமாக்கிவிடும் என்று சொல்லி விற்பவர்களும் உண்டு. மூடிய பெட்டிக்குள் செய்த பரிசோதனைகளை வைத்து எழுந்த பேச்சு அது. சாதாரண வீட்டில் அந்தப் பலன் கிடைக்க வேண்டுமானால் வீடு முழுவதும் செடியாக இருக்க வேண்டும் என்று 2019 இல் வெளிவந்த ஆய்வொன்று காட்டியிருக்கிறது. ஆகவே பயமும் வேண்டாம், பேராசையும் வேண்டாம். அழகுக்கும் மனதுக்கும் வளர்ப்போம்.

கைச்செலவுக்கு ஒரு வழி

நமது பெண்களுக்குக் கன்று வளர்ப்பது புதிதல்ல. சிலாபத்துக்கு அருகே பம்பல என்ற இடத்தைத் தளமாகக் கொண்ட 'சுதீச' அமைப்பு, 2015 இல் தொடங்கிய கண்டல் பாதுகாப்புத் திட்டத்தில் களப்போரப் பெண்களுக்குப் பயிற்சியும் சிறுகடனும் வழங்கியது. கண்டல் கன்றுகளைத் தவறணையில் வளர்த்துக் களப்பில் நட்ட கைகளுக்கு, ஒரு பலாக் கன்றைச் சாடியில் வளர்ப்பது பெரிய காரியமல்ல.

கற்பிட்டியில் உல்லாசப் பயணிகளுக்கான விடுதிகள் பெருகிய பிறகு இதற்கு ஒரு சந்தையும் உருவாகியிருக்கிறது. எங்கள் சேமிப்புக் குழுவொன்றிலுள்ள பெண்கள் ஒரு விடுதிக்குச் சாடிக் கன்றுகள் கொடுத்தார்கள். குளிரூட்டிய அறையில் வைத்து, இருட்டில் விட்டு, வாடியதும் "செடி சரியில்லை" என்று திருப்பி அனுப்பிக் காசை வெட்டிக்கொண்டார்கள். பெண்கள் சோர்ந்துபோனாலும் விட்டுவிடவில்லை. அடுத்த விடுதிக்கு விற்பனைக்குப் பதிலாக வாடகைக்குக் கொடுத்தார்கள். இரண்டு வாரம் அறையில் இருக்கும். பிறகு அவற்றை வீட்டு நிழலுக்குக் கொண்டு வந்து தேற்றி, வேறு கன்றுகளை அங்கே வைப்பார்கள். கன்றும் பிழைத்தது, மாதாமாதம் கையில் காசும் வந்தது. குழுவாகச் செய்வதால் ஒருவருக்குச் சுகமில்லாவிட்டாலும் வேலை நிற்பதில்லை.

இதில் நான் கவனித்த இன்னொன்றையும் சொல்ல வேண்டும். வளவில் எந்த மரத்தை நடுவது, எதை வெட்டுவது என்பதைப் பெரும்பாலான வீடுகளில் ஆண்களே முடிவு செய்கிறார்கள். வீடு பெண்ணின் பெயரில் சீதனமாக எழுதப்பட்டிருந்தாலும் நிலைமை அதுதான். ஆனால் சாடியை எங்கே வைப்பது, அதில் எதை ஊன்றுவது என்று யாரும் பெண்ணிடம் கேட்பதில்லை. அந்த ஒரு சாணளவு மண்ணில் முடிவெடுப்பவள் அவள். சிறிய விடயம்தான். ஆனாலும் குழுக் கூட்டத்தில் வாய் திறக்காத பெண்கள், தமது கன்றைப் பற்றிக் கேட்டால் அரை மணி நேரம் பேசுகிறார்கள்.

சொல்லாத பதில்

முன்பு நான் குறிப்பிட்ட அந்தப் பதிலுக்கு வருகிறேன். 1990 ஒக்டோபரில் வடமாகாண முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டபோது எழுபதாயிரத்துக்கும் அதிகமானோர் வீடிழந்தனர். அவர்களில் பெரும்பாலோர் புத்தளம் மாவட்டத்துக்கே வந்து சேர்ந்தார்கள். மன்னார்த் தீவிலிருந்து பலர் படகேறிக் கற்பிட்டிக் கரையில் இறங்கினார்கள். எருக்கலம்பிட்டியைச் சேர்ந்த எனது உம்மாவும் அவர்களில் ஒருவர். நான் அதற்கு அடுத்த வருடம் இங்கே பிறந்தவள்.

கிடுகுக் கொட்டிலில் வாழ்ந்த அந்த வருடங்களில் எங்கள் பெண்கள் முருங்கை நட்டார்கள், மிளகாய் நட்டார்கள், பப்பாசி நட்டார்கள். நீண்டகால மரம் எதையும் நடவில்லை. "மரம் நட்டா, இங்கயே இருக்கப்போறமெண்டு நாங்களே ஒத்துக்கொண்ட மாதிரித்தானே மகள்" என்று உம்மா ஒருமுறை சொன்னார். இதைத்தான் பெண்கள் இலகுவில் வெளியே சொல்வதில்லை. மரக்கன்று சாடியில் இருந்தால் எந்த நேரமும் தூக்கிக்கொண்டு போகலாம்.

2002 இல் போர்நிறுத்தம் வந்த பின்னர் ஊரைப் பார்த்து வரச் சென்ற உம்மா, ஒரு பெருக்கங்காயைக் கொண்டு வந்தார். மன்னார் பள்ளிமுனையில் சுமார் 19 மீற்றர் சுற்றளவில் நிற்கும் பெருக்க மரத்தைப் பற்றிப் பலரும் கேள்விப்பட்டிருப்பீர்கள். அராபிய வணிகர்கள் கொண்டு வந்ததாகச் சொல்லப்படும் ஆபிரிக்க மரம் அது. காயின் வெள்ளைத் தசையைக் கழுவி, விதையைச் சுடுநீரில் ஓரிரவு ஊறவைத்து, மாவு டின்னில் ஊன்றினார். முளைத்தது ஒன்றுதான். யன்னலோரத்தில் ஒன்பது வருடங்கள் நின்றது. வறண்ட காலத்தில் இலையெல்லாம் கொட்டி வெறும் தடியாக நிற்கும்போது, செத்துவிட்டது என்று நாங்கள் சொல்வோம். மழை வந்ததும் மீண்டும் துளிர்க்கும்.

2007 இல் உலக வங்கியின் உதவியுடன் தொடங்கிய வீடமைப்புத் திட்டத்தின் பின்னர் எங்களைப் போன்ற பல குடும்பங்களுக்குக் கல்வீடு கிடைத்தது. 2009 இல் யுத்தம் முடிந்தது. 2011 இல் நானா ஊருக்குத் திரும்பினார். உம்மா போகவில்லை. பிள்ளைகளின் படிப்பு, தனது வைத்தியம், இருபது வருடத்து அயலவர்கள் எல்லாம் இங்கேயே இருந்தன. அப்போதுதான் கன்றின் கேள்வி வந்தது. எங்களுக்கு இங்கே இருப்பது பத்துப் பேர்ச் காணி. பெருக்க மரத்துக்கு அது போதாது. சாடியிலும் இனி வேருக்கு இடமில்லை. "எனக்கு இங்க இடம் போதும், இதுக்குப் போதாது. நீ கொண்டு போ" என்று நானாவிடம் கொடுத்தார். அநுராதபுரம் வழியாக லொறியில், சாமான்களுக்கு நடுவே, அது மன்னாருக்குப் போனது. உம்மா இங்கே இருக்கிறார். மரம் அங்கே நிற்கிறது. இதில் எது திரும்பிச் சென்றது, எது திரும்பவில்லை என்று கணக்குப் பார்ப்பதை நாங்கள் விட்டுவிட்டோம்.

எப்போது வெளியே விடுவது?

இதைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. சாடியில் மரம் வளர்ப்பவர்கள் தொடக்கத்திலேயே ஒரு கேள்விக்குப் பதில் வைத்திருக்க வேண்டும்: இந்தக் கன்று கடைசியில் எங்கே போகப்போகிறது? கோப்பியையும் அலங்கார இறப்பரையும் நுனி வெட்டி, இரண்டு வருடத்துக்கு ஒருமுறை வேரைச் சற்றுக் கத்தரித்துப் புது மண்ணிட்டு, நெடுங்காலம் வீட்டிலேயே வைத்திருக்கலாம். பலாவும் மாவும் மூன்று நான்கு வருடங்களில் இடம் கேட்கும். துளை வழியாக வேர் வெளியே வருவது, ஊற்றிய தண்ணீர் நிற்காமல் ஓடிவிடுவது, புதிய இலை வர வர சிறுத்துப் போவது ஆகியவை அதற்கான அறிகுறிகள். காட்டில் காத்திருக்கும் கன்று கூட முடிவில்லாமல் காத்திருப்பதில்லை. வெளிச்சம் கிடைக்காதவை ஒருநாள் பட்டுப்போகின்றன.

சொந்தக் காணி இல்லையென்றால் பாடசாலை வளவு, பள்ளிவாசல், கோவில், தேவாலய வளவு, வைத்தியசாலை ஓரம் என்று பொது இடங்கள் இருக்கின்றன. பொறுப்பானவர்களிடம் அனுமதி கேட்டுக்கொள்ளுங்கள். அதற்கு முன் இரண்டு வாரம் கன்றை விறாந்தையில் வைத்துச் சிறிது சிறிதாக வெயிலுக்குப் பழக்க வேண்டும். நேராக வெயிலில் விட்டால் நிழலில் வளர்ந்த இலை ஒரே நாளில் வெந்துபோகும். ஒக்டோபர் மாதத்தில் மழை தொடங்கியதும் நடுவது நல்லது. அந்த மழைக்காலம் முழுவதும் வேர் இறங்கிவிட்டால் அடுத்த கோடையைத் தாங்கும். ஆட்டுக்கும் கழுதைக்கும் எட்டாதபடி முள்வேலியோ பழைய வலையோ சுற்றிவிடுங்கள். வீட்டுக்குள் ஒரு ஆள் உயரம் வளர்த்துக் கொடுத்த கன்றுக்குப் பிழைக்கும் வாய்ப்பு அதிகம் என்பது எங்கள் குழுப் பெண்களின் அனுபவம்.

அடுத்த முறை பலாப்பழம் வெட்டும்போது ஒரு விதையை ஒதுக்கி வையுங்கள். ஒரு தயிர்ச் சட்டியும் கைப்பிடித் தும்புத்தூளும் போதும். பிளந்த இலை வருகிறதா என்று பிள்ளைகளைப் பார்க்கச் சொல்லுங்கள். அது வெளியே போகும் நாளில், எங்கே நடுவது என்ற முடிவை மட்டும் நீங்களே எடுங்கள்.